ஐந்தாம் எண் கேள்வி

"என்னங்க, மூணாவது கேள்வி முடியப்போகுது! இன்னும் எங்க இருக்கீங்க?"

"மாடிப்படியில ஓடிக்கிட்டு இருக்கேன்மா! லிஃப்ட் வேலை செய்யல!"

ஒரு கையில் கைபேசி, மறுகையில் கோப்பு, அக்குளில் கண்ணாடிக்கூடு. நாடாளுமன்றப் படிகளில் உருளாத குறையாக இறங்கிக்கொண்டிருந்தார் ஒலிபெருக்கியார். வார்டு கவுன்சிலராக இருந்தபோது மைக் இல்லாமலேயே கூட்டத்தைக் கலங்கடித்ததால் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்குச்சீட்டில் மட்டும் இருந்தது.

கேள்வியைக் கொட்டை எழுத்தில் அச்செடுக்க நூலகத்துக்குப் போனது தப்பு. குலுக்கலில் அவர் கேள்விக்கு ஐந்தாம் எண் விழுந்திருந்தது. எண்ணைக் கூப்பிடும்போது இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடுவார்கள். இதற்கே மூன்று வருஷம் காத்திருந்தாயிற்று. அடுத்த முறை விழுவதற்குள் தேர்தலே வந்துவிடும்.

"தெருவே நம்ம வீட்லதான் உட்கார்ந்திருக்கு. மூணு வருஷமா டிவில உங்க முழங்கையத்தான் பார்க்குறோம். இன்னைக்காவது முகம் தெரியுமா?"

"என் தலையெழுத்தைப் பாரு. கவுன்சிலரா இருந்தப்ப முன் வரிசை. நகரமன்றத் தலைவரானப்ப மேடை. இங்க வந்ததும் தூணுக்குப் பின்னாடி தள்ளிட்டாங்க. இதுக்கும் மேல பதவி கிடைச்சா கார் நிறுத்துற இடத்துலதான் நாற்காலி போடுவாங்க போல!"

"சிரிப்பெல்லாம் அப்புறம். பாலம் இல்லாம ஓட்டுக் கேட்டு வந்தா, அந்த வாய்க்கால்லயே தள்ளிவிடுவோம்னு எதிர்வீட்டு டீச்சர் சொல்றாங்க."

"பக்கத்துலயா இருக்காங்க?"

"என் தோள் மேல கைபோட்டுக்கிட்டுதான் சொல்றாங்க."

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவே ஒரு பலகை. போன மழையில் அதிலிருந்து வழுக்கி விழுந்த சிறுமியை, புத்தகப்பை கரையோர மரக்கொம்பில் மாட்டிக்கொண்டதால்தான் உயிரோடு தூக்க முடிந்தது. ஒரு நடைபாலம். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

"இன்னைக்கு விடமாட்டேன். யாரு முட்டுக்கட்டை போட்டதுன்னு அமைச்சர் வாயாலேயே வரவைக்கிறேன். நாடே கேட்கட்டும்!"

மனைவியின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "வேணாங்க. எங்கண்ணன் பேரை மட்டும் இழுக்காதீங்க. அச்சாபீஸைப் பூட்டிட்டு, நீங்க பேசுறதைப் பார்க்க வந்திருக்காரு. முன்னாடி வரிசையில உட்கார்ந்திருக்காரு, பாவம்."

"பாவமா? எனக்கு முன்னாடியும் உங்கண்ணன்தான் கவுன்சிலர், பின்னாடியும் உங்கண்ணன்தான் கவுன்சிலர். ஒவ்வொரு தேர்தல்லயும் நான் மேடையில சொல்றது என்ன? 'பாலத்தை முழுங்கின மச்சான்'! அதைச் சொல்லித்தானே நான் இவ்வளவு தூரம் வந்தேன்!"

"அவரு ஒருநாளும் பதில் பேசினதில்லையேங்க."

"பேச வாய் வேணுமே!"

அவையின் வாசல் வந்துவிட்டது. கைபேசியை அணைத்தார். மூச்சிரைக்க இருக்கையில் விழுவதற்கும், "கேள்வி எண் ஐந்து" என்று சபாநாயகர் அழைப்பதற்கும் சரியாக இருந்தது.

எழுந்தார். வார்டு கூட்டத்தில் மேசையைக் குத்திப் பேசியவர், இங்கே காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருவழியாகப் படித்து முடித்தார்.

நீர்வழித் துறை அமைச்சர் நிதானமாக எழுந்தார். "அந்த வாய்க்கால் எங்கள் துறையுடையதுதான். அங்கே நடைபாலம் கட்ட இந்தத் துறை முன்பே ஒப்புதல் கொடுத்துவிட்டது. வரைபடம்கூடத் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பகுதியின் வார்டு உறுப்பினர் 'தேவையில்லை' என்று எழுதி அனுப்பியதால் திட்டம் கைவிடப்பட்டது."

அவ்வளவுதான். மூன்று வருஷமாகத் தொண்டைக்குள் தூங்கிய ஒலிபெருக்கி விழித்துக்கொண்டது.

"யார் அந்த உறுப்பினர்? குழந்தைகள் தண்ணீரில் விழட்டும் என்று கையெழுத்துப் போட்ட அந்த மகானின் பெயர் எனக்கு வேண்டும்! இங்கேயே, இப்போதே!"

தூங்கிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். தூணையும் தாண்டி கேமரா அவர் முகத்தைத் தேடிப் பிடித்தது. ஊரில் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். முன்வரிசையில் மச்சான் தலை குனிந்திருப்பார்.

அமைச்சர் தயங்கினார். "கோப்பு மிகப் பழையது. பெயர் அவசியம்தானா? பாலத்தை இந்த ஆண்டே கட்டித் தருகிறோம், உறுப்பினர் அமரலாம்."

வாழ்க்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரே நேரம் அது.

"உட்கார மாட்டேன்! பெயர் வராமல் உட்கார மாட்டேன்!"

அதிகாரி நீட்டிய பழுப்புக் காகிதத்தை அமைச்சர் வாங்கிப் படித்தார். "பாலம் வேண்டும் என்று வீடு வீடாகப் போய் எழுநூறு கையெழுத்து வாங்கி மனு கொடுத்தவர், அங்கே அச்சகம் நடத்தும் முன்னாள் கவுன்சிலர். அந்த மனுவின் தலையிலேயே, 'இவர் கேட்பது எதுவும் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றைய வார்டு உறுப்பினர்…"

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"…அந்த மகானேதான் இப்போது, உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டு, தன் பெயரை என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்."