கொம்பன் தூக்கிய ஆள்

முதலமடை மாங்காய் மண்டிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் நாலு மணி வெயில் இன்னும் தணியவில்லை. அழுகிய மாங்காய் வாடைக்கு நடுவே, மல்யுத்த மேடையின் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு நாச்சிமுத்து நிற்கிறார். ஒரு காலத்தில் கோயமுத்தூர் வரைக்கும் சுவரொட்டிகளில் நின்ற 'கொம்பன்', ஓய்வுபெற்றுப் பதினாலு வருசம் கழித்து இன்றைக்குத்தான் மறுபடி ஏறியிருக்கிறார். "ஒருக்கா அவனத் தலைக்கு மேல தூக்கிட்டாப் போதும் ஈஸ்வரி, அப்பறம் தோத்தாலும் பரவால்ல," என்று காலையில் அவர் சொன்னது, முன்வரிசையில் இருக்கும் மனைவியின் காதிலேயே நிற்கிறது. பின்னால் ஒருவன், "கொம்பனுக்கு மதம் புடிக்குமாங்க, இல்ல மூச்சு புடிக்குமாங்க?" என்கிறான். வரிசையே சிரிக்கிறது. நாச்சிமுத்து எதிராளி ரமேஷ்குமாரின் இடுப்பைக் கட்டிப் பிடிக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, பலகை முனகுகிறது, ரமேஷின் கால் மட்டும் எழவில்லை. இரண்டாம் முறையும் எழவில்லை. "அண்ணா, உடுங்க, நா பாத்துக்கறனுங்க," என்று அவன் முணுமுணுப்பது ஈஸ்வரிக்குக் கேட்கிறது. அடுத்த நொடி அவனே எம்பி அவர் தோளில் ஏறி, அவனே புரண்டு பலகையில் பொத்தென்று விழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். மைதானமே எழுந்து "கொம்பன், கொம்பன்" என்று கத்துகிறது. நடுவர் அவர் கையை உயர்த்திப் பிடிக்க, அவர் கண் கூட்டத்தில் ஈஸ்வரியைத் தேடி வருகிறது. அவள் ஒன்றுமே தெரியாதவள் போல, எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டுகிறாள். அதைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.