ஏழாவது கொண்டை ஊசி வளைவு

எழுதிப் பழகாத என் கை இதற்குத் துணிந்ததைப் படிப்பவர்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டுகிறேன். கீழ்வேளூரிலிருந்து வீட்டுச் சாமான்களோடு வால்பாறைக்கு ஏறும் வாடகை மினி லாரியைப் பரணிதரன் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி நிறுத்துகிறான். எதிரே பேருந்து இறங்குகிறது; வாய்க்கால் கரைச் சாலைகளில் பேருந்துக்கு ஒதுங்கியே பழகியவன் அவன். நின்ற வண்டி மெல்லப் பின்னால் நழுவ, பாத்திரங்கள் கடகடவென்று சரிகின்றன. மலைமேல் பள்ளியில் ஆசிரியையாகச் சேரப்போகும் அவன் மனைவி செம்மொழி குதித்திறங்கி, சாமான்களுக்கு நடுவிலிருந்து அம்மிக்குழவியை இழுத்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கிறாள். களிமண் ஊரில் வளர்ந்தவளுக்குச் சாலையோரக் கற்கள் கண்ணில் படவேயில்லை. மூங்கில் இலைகளின் வழியே இளவெயில் அவள் முதுகில் அசைகிறது.

"ஏறுற வண்டிக்கு நாங்கதாங்க நிக்கணும். நீங்க ஏன் நின்னீங்க?" என்று சிரிக்கிறார் பேருந்து ஓட்டுநர்.

"எங்க ஊர்ல பஸ்ஸுதாங்க பெரியவரு" என்கிறான் பரணிதரன்.

"என்னைத் தவிர எல்லாருக்கும் வழி விடுவாருங்க" என்கிறாள் செம்மொழி.

அவன் கிளட்சை மெல்ல விடுகிறான். வண்டி ஒரு விரற்கடை பின்வாங்கிக் குழவியில் முட்டுகிறது. பிறகு அது உறுமி மேலேறுகிறது. செம்மொழி சிரித்தபடி ஓடிவந்து தொற்றிக்கொள்கிறாள். மறுபடி நிறுத்த அவனுக்குத் துணிவில்லை.

இழந்தவை: ஊறுகாய் ஜாடி ஒன்று, பள்ளத்தில் உருண்ட தேங்காய்கள் நான்கு, அம்மிக்குழவி.