மூன்றாவது பெயர்

பிஷ்கெக்கில் மினிபஸ் ஓட்டும் துர்சுன் வீட்டுக்குள் நுழைந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சரித்திரப் புத்தகத்தைப் பிரித்தார். இந்த மாதத்தில் இது எட்டாவது. எல்லாமே 1938-ல் அரசாங்கத்தால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களைப் பற்றியவை.

“சூப்பு ஆறிப்போச்சு. அந்தக் கருமத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!” என்று மனைவி கத்தியதும், கை கழுவ எழுந்தார்.

மகள் பெர்மெத்துக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. நாளை பள்ளிக்கூடத்தில் அவள் அத்தா துர்சுனில் தொடங்கி ஏழு தலைமுறைப் பெயர்களை ஒப்பிக்க வேண்டும். அதில் மூன்றாவது மாம்பெத், அத்தாவின் தாத்தா. அந்த வருஷம் போலீசின் கறுப்புக் காரில் ஏறிப் போனவர் திரும்பி வரவே இல்லை. அவரை அத்தா தேடாமல் வேறு யார் தேடுவார்?

புத்தகத்தில் ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது. பிரித்தாள்.

“அத்தா! மாம்பெத் தாத்தா பேரு இருக்கு! நம்ம ஊர்ப் பேரோட!”

துர்சுன் காய்ந்துபோன கையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எங்க இருக்குன்னு நல்லாப் பாரு.”

பார்த்தாள். ஒரே நாளில் சுடப்பட்ட நாற்பது பேரில் அந்தப் பெயர் இல்லை. பட்டியலுக்குக் கீழே, ‘சுட்டவர்’ என்ற இடத்தில் இருந்தது.

“இது... உங்களுக்குத் தெரியுமா?”

“மொதப் புத்தகத்துலயே பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன் அத்தா இன்னும் படிக்கிறீங்க?”

“ஏதாவது ஒண்ணுலயாவது அந்த எடத்துல வேற எவன் பேராவது இருக்காதான்னுதான்மா.”