பிறந்தநாள் துவக்கு

“துவக்கு வேண்டாமெண்டு எத்தினை தரமடா சொன்னனான்?” என்று சிவகௌரி தம்பியைக் கடிந்தாள். அவள் மகள் ஆரபியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கென்று வெளிநாட்டிலிருந்து அவன் கொண்டுவந்தது ஒரு பச்சைப் பிளாஸ்டிக் துவக்கு; விசையை அழுத்தினால் சடசடக்கும் பொம்மைத் துப்பாக்கி. “விளையாட்டுச் சாமான்தானே அக்கா, சும்மா விடுங்கோ,” என்று கேக்கை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

ஆரபி துவக்கோடு போய்த் தகப்பனுக்கு முன்னால் நின்றாள். “கையைத் தூக்குங்கோ!”

“ஓம் சேர்,” என்று அவர் தூக்கினார். கூடமே சிரித்தது. அவர் அதோடு நிற்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தார். முழந்தாளிட்டு, கணுக்கால்களைக் குறுக்கே போட்டு, விரல்களைப் பிடரியில் கோத்துக்கொண்டார். “அத்தான் படத்தில நடிக்கலாம்,” என்று தம்பி கைபேசியை நீட்டினான். கலியாணமான நாளிலிருந்து வேற்றாள் முன்னால் சட்டை கழற்றாத மனிதர் அவர். முதுகில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த பழைய தழும்புகளைக் கண்டவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“இஞ்சாருங்கோ, எழும்புங்கோ,” என்று சிவகௌரி தோளைத் தொட்டாள். அவர் அசையவில்லை.

அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் பிள்ளை முழித்தது. அவர் தலை நிமிராமல் மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

“இனிக் கண்ணைக் கட்டோணும், சேர்.”

பரிசுப் பெட்டியில் சுற்றியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்க்க ஆரபி துள்ளிக்கொண்டு ஓடினாள்.