வாசிக்க வராதுன்னு சொல்லு

"உள்ளே போய் உன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிட்டு வராதே. வாசிக்க வராதுன்னு சொல்லு. புரிஞ்சுதா?"

பள்ளிக்கூட வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மகளின் காதில் ஓதிக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. தண்ணீர் குடிக்க வந்த வகுப்பு டீச்சரின் காதிலும் அது தெளிவாக விழுந்து தொலைத்தது.

டீச்சருக்கு வந்ததே கோபம்! நேரே சிறப்புக் கல்வி அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், அடுத்து வரப்போற கேஸ் சுத்தப் பித்தலாட்டம். சலுகைக்காகப் பெத்த தாயே பொய் சொல்லச் சொல்லித் தர்றா. என் காதால கேட்டேன்."

"அப்படியா? வரட்டும், பார்க்கலாம்" என்றார் அதிகாரி. குரலை உயர்த்திப் பேசும் வழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது.

தாயும் மகளும் உள்ளே வந்தார்கள். வாசிப்பதில் குறைபாடு என்று முடிவானால் சிறுமிக்குத் தனிப் பயிற்சி கிடைக்கும். பரீட்சையில் கூடுதல் நேரம் தருவார்கள். மேலே படிக்க உதவித்தொகையும் உண்டு. இல்லையென்றால் இந்த வருஷத்தோடு படிப்புக்கு முழுக்குத்தான்.

"உனக்கு என்னம்மா கஷ்டம்?"

சிறுமி டீச்சரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "வாசிக்க வராது" என்றாள் மெதுவாக.

"பார்த்தீங்களா, நான் சொல்லலை?" டீச்சர் துள்ளி எழுந்து பாடப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். "ஏம்மா, வகுப்புல கணீர்னு வாசிக்கிறவ நீதானே? எங்கே, மழைப் பாடத்தை வாசி!"

பழக்கதோஷம், சிறுமி வாசிக்க ஆரம்பித்தே விட்டாள். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இதுக்கு மேல என்ன வேணும் மேடம்?"

அதிகாரி சிறுமியின் அருகே போய், அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் புரட்டினார். சிறுமி நிறுத்தவில்லை. பழைய பக்கத்தின் மீதிதான் கடகடவென்று வந்துகொண்டிருந்தது.

"போதும்மா." அதிகாரி ஒரு வார்த்தையின் மேல் விரல் வைத்தார். "இது என்ன?"

'மரம்' என்று இருந்தது. சிறுமி பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கிவிட்டது.

"எழுத்து தலையில நிக்காது மேடம்" என்றாள் தாய். "காதால கேட்டா மட்டும் அப்படியே பிடிச்சுக்குவா. இங்கேயும் ஒப்பிச்சுக் காரியத்தைக் கெடுத்துடுவாளோன்னுதான் பயந்தேன்."

"பயப்படாதீங்க. எல்லா உதவியும் கிடைக்கும். நான் சிபாரிசு பண்றேன்." அதிகாரி சிரித்தார். "ஆனா இத்தனையையும் இவளுக்கு மனப்பாடம் பண்ண வெச்சது நீங்களா?"

"எனக்கேது மேடம் நேரம்? விடிஞ்சு எழுந்தா தையல் மெஷின்தான்."

"அப்ப யாரு?"

டீச்சருக்குத் திடீரென்று கைப்பையில் எதையோ தேட வேண்டியிருந்தது.

சிறுமிக்கு இப்போது பயம் தெளிந்திருந்தது.

"எங்க டீச்சர்தான் மேடம்!" என்றாள் பெருமையாக. "ஆய்வுக்கு யார் வந்தாலும் எங்களைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வாங்க. வகுப்புல என்னை மாதிரி இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க!"