புது ஸ்டிக்கர்

தொழிற்சாலை மேஜையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்குக் காலையிலிருந்தே நடுக்கம். சூட்டின் அளவைச் சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அதன் ஸ்டிக்கரில் போட்டிருந்த தேதி தாண்டிவிட்டது. சோதனைக்குப் போய் அளவு தப்பிய பழைய அயர்ன் திரும்பி வரவேயில்லை.

"உன் சூடு சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டது பக்கத்திலிருந்த ஸ்குரூடிரைவர்.

"திரையில சரியாத்தான் காட்டுது. நுனியில அவ்வளவு சூடு இல்லைன்னு எனக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லிடாதே."

கருவிகளின் தரம் பார்க்கும் ஆடிட்டர் வாசலுக்கே வந்துவிட்டார் என்றதும் சூப்பர்வைசர் ஓடிவந்தார். எதையும் சோதிக்காமல், பழைய ஸ்டிக்கர்மேல் புதுத் தேதி போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்.

அயர்னுக்கு மூச்சு வந்தது.

அப்போது, சற்றுமுன் அது பற்றவைத்த சர்க்யூட் போர்டு, அனுப்பத் தயாராக இருந்த பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. "அண்ணே, பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கிற மெஷினுக்குப் போறேன். என் ஈயமெல்லாம் கெட்டியா பிடிச்சிருக்கா?"

ஸ்குரூடிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஸ்டிக்கர் புதுசும்மா," என்றது அயர்ன். அதன் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.