மாரியின் பாடு

"சிரிச்சது டிரம்ஸ்காரன்தான். வேணா எழுதித் தரேன்" என்றார் சைக்கிள் கடை சம்சுதீன்.

"நீ போய் சைக்கிளுக்குக் காத்தடி பாய். சிரிச்சது டீ கொண்டாந்த பொம்பள" என்றான் மாரி, கையிலிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோட்டைக்குப்பத்து ஏரிக்கரையில், மாரி வீட்டுக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை ஒரு பாட்டைப் பற்றி. இருபது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் பதிவான ராக் அண்ட் ரோல் பாட்டு. மொத்தமே இரண்டரை நிமிடம். அதன் முடிவில், கிட்டார் நின்ற பிறகு, யாரோ சிரிக்கிறார்கள்.

அந்த இரண்டரை நிமிடத்தைப் பற்றி இருநூறு பக்கத்துக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் புதிதாக வந்திருந்தது. பினாங்கிலிருந்து சம்சுதீனின் மச்சான் அனுப்பியது. பள்ளிக்கூட டீச்சர் ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் படித்துத் தமிழில் சொல்வாள்.

ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. பாடு வந்தவன்தான் அன்றைக்கு அந்தத் தண்ணீருக்கு ராஜா. புத்தகத்துக்கும் மாரி அதையே வைத்துவிட்டான். சம்சுதீன், ஜெசிந்தா, மாரி என்று ஆளுக்கு ஒரு வாரம். யாருடைய பாடோ அவர் வீட்டில் புத்தகம் இருக்கும், வாசிப்பும் அங்கேதான். இது மாரியின் வாரம். மிச்சம் ஒரே அத்தியாயம். சிரித்தது யார் என்று அதில் தெரிந்துவிடும். தோற்றவனுக்குப் புத்தகத்தில் இனிமேல் பாடு கிடையாது என்பது பந்தயம்.

"நேத்து ராத்திரி பூரா தூங்கல இது" என்றாள் மாரியின் மனைவி தேவகி, கணவனைக் காட்டி. "ஏரியில வலை கிழிஞ்சப்பக்கூட கொறட்டை வுட்டுச்சி."

"டீச்சர், படிங்க" என்றான் மாரி.

ஜெசிந்தா புத்தகத்தைத் திறக்கும்போது மணலில் ஒருவர் வியர்க்க வியர்க்க வந்தார். கையில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி.

"சம்சுதீன் பாய் யாருங்க? நான் லோகநாதன். பொன்னேரியில ரேடியோ ரிப்பேர் கடை. அந்தப் பாட்டைப் பத்தின புக்கு உங்ககிட்ட இருக்காமே. மெட்ராஸ் பூரா தேடிட்டேன், கிடைக்கல. எனக்குக் குடுத்துடுங்க."

"புக்கு என்னுதுதான்" என்றார் சம்சுதீன். "ஆனா இன்னிக்கு மாரி பாடு. அவன்தான் சொல்லணும்."

லோகநாதன் மாரி பக்கம் திரும்பிப் பெட்டியைத் திறந்தார். பேட்டரியில் ஓடும் ரெக்கார்ட் பிளேயர். மூடியின் உள்பக்கம் ஏழெட்டு இசைத்தட்டுகள். "சும்மா கேக்கல. இதுல எத்தனை வேணாலும் எடுத்துக்குங்க. அந்தப் பாட்டு எப்படியும் உங்ககிட்ட இருக்கும். மத்ததைப் பாருங்க."

தேவகி அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"கடைசி அத்தியாயம் முடியட்டும் சார்" என்றான் மாரி. "புக்குல எனக்குப் பாடு இருக்கா போச்சான்னு அப்பதான் தெரியும்."

"நான் அந்தப் பாட்டுக்குப் பைத்தியம்ப்பா. நூறு தடவையாவது கேட்டிருப்பேன்."

"அப்படியா?" சம்சுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாடுறப்போ அந்த ஆளுக்கு எந்தக் கால்ல செருப்பு இல்ல?"

"செருப்பா?"

"எடது கால். நாப்பத்தி மூணாம் பக்கம்."

"ரெண்டாவது சரணத்துல கிட்டார்ல தந்தி ஒண்ணு அறுந்துச்சே, அதாவது தெரியுமாண்ணே?" என்றாள் தேவகி.

"அறுந்துச்சா? என் காதுல விழலையேம்மா."

"அறுந்தும் நிறுத்தாம வாசிச்சான் பாரு, அதான் சார் ரசிக்கிற எடமே" என்றான் மாரி கண்ணை மூடிக்கொண்டு.

லோகநாதனின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை நாளா நான் என்னத்தைக் கேட்டேன்னே தெரியல" என்றார்.

"சும்மா இருங்க எல்லாரும்" என்று அதட்டிவிட்டு ஜெசிந்தா படிக்க ஆரம்பித்தாள். புத்தகத்தில் மழை பெய்தது, தகரக் கூரை சத்தம் போட்டது, நான்கு முறை பாடியும் சரிவராமல் ஐந்தாவது முறை பாட்டு பதிவானது. டீ கொண்டுவந்த பெண் கதவருகே நின்றாள். மாரியின் விரல்கள் வலையிலேயே நின்றுவிட்டன.

கடைசிப் பக்கத்தை ஜெசிந்தா இரண்டு முறை படித்தாள். பிறகு புத்தகத்தை மூடினாள்.

"இன்னா டீச்சர்?"

"சிரிச்சது யாருன்னு இன்னி வரைக்கும் தெரியாதாம். அந்த ரூம்ல இருந்த ஆறு பேரும் நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லிட்டாங்களாம். பாட்டைக் கேட்டு நீங்களே முடிவு பண்ணிக்குங்கன்னு எழுதி முடிச்சிருக்காரு."

சம்சுதீன் மாரியைப் பார்த்தார். மாரி தேவகியைப் பார்த்தான். தேவகி காலி டம்ளர்களைப் பார்த்தாள்.

"இதுக்கு ஏன் இப்படி உக்காந்துட்டீங்க?" என்றார் லோகநாதன். "உங்க காதுக்கு எப்படிக் கேட்டுச்சோ, அதான் பதில்."

மாரி வலையை ஓரமாக வைத்தான். மடியை உதறிவிட்டு எழுந்தான்.

"சார், பந்தயம் முடியல. அதனால இன்னும் என் பாடுதான், நான் சொல்றதுதான். புக்கை ஒரேடியா குடுக்க முடியாது. ஆனா நாலாவது பாடு உன்னுது. ஒரு வாரம் பொன்னேரியில வெச்சிக்க. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி இங்க கொண்டாந்துடணும்."

லோகநாதனுக்கு வாயெல்லாம் பல். "அது போதும்ப்பா. பதிலுக்கு எந்த ரெக்கார்ட் வேணும், சொல்லு."

"எதுவும் வேணாம் சார். அந்தப் பாட்டையே ஒரு தபா போட்டுக் காட்டு" என்றான் மாரி. "நாங்க யாரும் அதை இன்னும் கேட்டதில்ல."